பழைய ஸ்போர்ட்ஸ் கார்: முந்தைய ஓனரின் கால் எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றிச் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சாதாரண காரில் கிலோமீட்டரும் வயதும் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. இந்த வகைக் கார்களில் முன்னவர் எப்படி ஓட்டினார், எப்படி நிறுத்தி வைத்தார் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். அது பெயின்டில் தெரியாது. எங்கே தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

சென்னையில் ஒரு டீலரிடம் 2019 மாடல் பிஎம்டபிள்யூ எம்2 காம்பெட்டிஷன் இருக்கிறது. 28,000 கிலோமீட்டர், முதல் ஓனர். ஒரே நாளில் போய்ப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். எதை முதலில் பார்ப்பது?
– வாசகர், காரைக்குடி

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய்ச் சேருங்கள், அதுதான் முதல் வேலை. “நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்” என்று முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காலையிலேயே ஓட்டி எடுத்துவிட்டார்கள். அப்படியானால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆறிய இன்ஜின் முதல் பத்து வினாடியில் சொல்வதைச் சூடான இன்ஜின் சொல்லாது. டைமிங் செயின் தளர்ந்திருந்தால் அந்த நேரத்தில்தான் சலசலக்கும். டர்போ சீல் தேய்ந்திருந்தால் நீலப் புகை வரும். குளிர்ந்த காலையில் வரும் வெள்ளை ஆவி சீக்கிரம் மறைந்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். மறையாமல், இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது.

அடுத்தது காகிதம். பிஎம்டபிள்யூவின் ஸ்போர்ட்ஸ் பிரிவான எம் வரிசைக் கார்களுக்கு 2,000 கிலோமீட்டரில் ஒரு சர்வீஸ் உண்டு. இன்ஜின் ஆயிலையும் பின் டிஃபரன்ஷியல் ஆயிலையும் அப்போது மாற்றியாக வேண்டும். அந்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைத் தவறவிட்டவர் மற்றதையும் ஒழுங்காகச் செய்திருப்பார் என்று நம்ப முடியாது.

மூன்றாவது, ஸ்கேனர். “எரர் எதுவும் இல்லை சார்” என்று டீலர் திரையைக் காட்டுவார். அதோடு விட வேண்டாம். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் ‘ரெடினஸ்’ என்ற பக்கம் இருக்கும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றை இன்ஜின் கம்ப்யூட்டர் தானே சோதித்து முடித்ததா என்று அது காட்டும். எரரை அழித்தால் இந்தச் சோதனைகளும் அழிந்துபோகும். மறுபடி முடிய நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். ஆகவே பல வரிகளில் ‘முடியவில்லை’ என்று இருந்தால் அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ‘எரர் அழித்த பின் ஓடிய தூரம்’ என்று இன்னொரு வரியும் உண்டு. அதில் 12 கிலோமீட்டர் என்று இருந்தால் நீங்கள் வருவதற்காகவே அழித்திருக்கிறார்கள்.

இந்தக் காரில் உள்ள எஸ்55 இன்ஜினின் ஒரு பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில், டைமிங் செயினையும் ஆயில் பம்ப்பையும் ஓட்டும் பல்சக்கரங்களை நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் இறுக்கிப் பிடிக்கிறது. வழுக்காமல் நிறுத்தச் சிறு ஆப்பு எதுவும் இல்லை, உராய்வுதான் பிடிமானம். கம்பெனி நிலையில் இருக்கும் காரில் இது நழுவுவது அரிது. ‘மேப்’ எனும் இன்ஜின் மென்பொருளை மாற்றி (இதுதான் ட்யூன்) இழுவிசையை ஏற்றிய காரில் வாய்ப்பு கூடுகிறது. நழுவினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலான ஒத்திசைவான டைமிங் போய்விடும். அதனால் இந்தக் காரில் ‘ட்யூன் பண்ணியிருக்கா?’ என்பது பெரிய கேள்வி. விற்பதற்கு முன் பழைய மேப்பையே திரும்ப ஏற்றிவிடுவார்கள், மென்பொருளில் தேடிப் பயன் இல்லை. இரும்பில் தேடுங்கள். காரை லிஃப்டில் ஏற்றி எக்ஸாஸ்ட் குழாயை டர்போவிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். குழாய் முழுக்க ஒரே துருநிறத்தில் இருக்க, ஓரிரு கிளாம்ப் மட்டும் பளிச்சென்று இருந்தால் அது கழற்றித் திரும்ப மாட்டப்பட்டது. போல்ட் தலையில் ஸ்பேனர் தடம், ஹீட் ஷீல்டில் காணாமல் போன திருகு, ஏர் ஃபில்டர் பெட்டியில் உடைந்த கொக்கி, இவையும் அதே கதையைச் சொல்லும்.

முதல் சுற்றில் தேறினால் லீக்டவுன் சோதனைக்குப் பணம் கட்டுங்கள். கம்ப்ரஷன் சோதனையைவிட இது தெளிவாகப் பேசும். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். காற்று எக்ஸாஸ்ட்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் ரிங், கூலன்ட் டேங்க்கில் குமிழி எழும்பினால் ஹெட் கேஸ்கெட். ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் விலை பேச வேண்டாம், விட்டுவிடுங்கள்.

பாடியை பெயின்ட் அளக்கும் மீட்டரால் பாருங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். 300-க்கு மேல் காட்டினால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அல்லது உள்ளே பட்டி இருக்கிறது. அலுமினிய பேனலில் மலிவான காந்த மீட்டர் வேலை செய்யாது, இரண்டு உலோகத்தையும் அளக்கும் மீட்டராக இருக்க வேண்டும். டயரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 28,000 கிலோமீட்டர் ஓடிய, இத்தனை குதிரைசக்தி உள்ள காரில் இன்னும் 2019 டயரே இருந்தால், ரப்பர் இறுகிப் பிடிமானம் போயிருக்கும். நான்கும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பிரேக் டிஸ்க்கின் விளிம்பிலோ நடு வளையத்திலோ குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும், வெர்னியர் காலிப்பரால் அளந்து ஒப்பிடுங்கள்.

டெஸ்ட் டிரைவ் 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. கடைசியில் உச்சி வெயிலில் ஏசியைப் போட்டு 15 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். நம் ஊர் மே மாதத்தில் அந்தக் கார் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டும், டெம்பரேச்சர் அசையாமல் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.

என் அம்மான் மலேசியாவில் இருக்கிறார். அவருடைய 2012 போர்ஷே பாக்ஸ்டர் பள்ளத்தூர் வீட்டுக் கொட்டகையில் ஐந்து வருஷமாக நிற்கிறது. “நீயே எடுத்துக்கப்பா, விலையைப் பார்த்துப் போட்டுக் குடு” என்கிறார். பேட்டரி செத்துவிட்டது. ஜம்ப் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

தயவுசெய்து அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். நின்ற காரைக் கெடுப்பதில் பாதி அந்த முதல் ஸ்டார்ட்தான்.

முதலில் ஒரு நல்ல செய்தி. 2009-க்கு முந்தைய பாக்ஸ்டர்கள் சிலவற்றில், இன்ஜினுக்குள் ஓர் இடைத்தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங் உடைந்து இன்ஜினையே காவு வாங்கும். 2009 முதல் வந்த இன்ஜினில் அந்தத் தண்டே இல்லை. அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

பேட்டரி முன் டிக்கியில் இருக்கிறது. பேட்டரி செத்தால் அந்த டிக்கி திறக்காது, ஏனென்றால் அதன் பூட்டும் கரன்ட்டில்தான் இயங்குகிறது. நெம்பித் திறக்க முயன்று பெயின்டைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே கால் வைக்கும் இடத்துப் பக்கச் சுவரில் ஃப்யூஸ் பெட்டி இருக்கும். அதில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு பாசிட்டிவ் முனை உண்டு. வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை அதிலும், நெகட்டிவைக் கதவுப் பூட்டு கொக்கியிலும் கொடுத்தால் டிக்கி திறக்கும். இது திறப்பதற்கு மட்டும்தான், இந்த வழியில் இன்ஜினைச் சுற்றவிடக் கூடாது. ஃப்யூஸ் உருகிவிடும்.

டிக்கி திறந்ததும் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு எலி வேலையைப் பாருங்கள். வயர் கடி, இன்சுலேஷன் பஞ்சு, கூடு. பிறகு முன் பம்பரின் இரண்டு ஓரக் காற்று வாய்களிலும் டார்ச் அடியுங்கள். ரேடியேட்டரும் ஏசி கண்டன்ஸரும் அங்கேதான் இருக்கின்றன. கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்ப மரம் இருந்தால் இந்த இடம் முழுக்கச் சருகாக இருக்கும். சருகு ஈரத்தைப் பிடித்துவைத்து அலுமினியத்தைத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, பம்பரைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றுங்கள். துணிக்கூரையின் ஓரத்தில் மழைநீர் வடியும் துளைகளும் இப்படித்தான் அடைபடும். அடைபட்டால் தண்ணீர் கார்ப்பெட்டுக்குப் போகும். இந்தக் காரில் சீட்டுக்கு அடியில் ஒரு கன்ட்ரோல் யூனிட் இருக்கிறது. அது நனைந்தால் கார் சாவியையே அடையாளம் தெரியாமல் நின்றுவிடும். கார்ப்பெட்டுக்குக் கீழே விரலைவிட்டு அழுத்திப் பாருங்கள், ஃபோம் ஈரமாக இருக்கக் கூடாது.

இனி பெட்ரோல். அதில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவது அதைத்தான். டேங்க்கை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக 10 லிட்டர் ஹை-ஆக்டேன் ஊற்றச் சொல்லுங்கள். இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மாற வேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சில துளி ஆயில் விட்டு, இக்னிஷனும் இன்ஜெக்டரும் துண்டித்த நிலையில் ஸ்டார்ட்டரால் சில வினாடிகள் மட்டும், இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். வடிந்துபோன ஆயில் பேரிங்குகளுக்குத் திரும்ப ஏறட்டும். இந்தக் காரில் பிளக்குக்குக் கை போவது அடியிலிருந்துதான், சக்கரங்களைக் கழற்றி லிஃப்டில் ஏற்றியாக வேண்டும். எனவே கொட்டகையில் நடக்கிற வேலை அல்ல. ஃப்ளாட்பெட் வண்டியில் ஏற்றி ஒர்க் ஷாப்புக்கு அனுப்புங்கள். கயிறு கட்டி இழுக்கக் கூடாது.

பிரேக் ஆயில், கூலன்ட், பெல்ட், நான்கு டயர், பேட்டரி எல்லாமே புதிது என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை ஓடும் பாக்ஸ்டரின் சந்தை விலையிலிருந்து கழியுங்கள். அதற்கு மேலும் 15 சதவீதம் கைவசம் இருக்கட்டும். உறவுக்குள் விலை பேசக் கூச்சமாக இருந்தால் ஒர்க் ஷாப் எஸ்டிமேட்டையே அம்மானுக்கு அனுப்பிவிடுங்கள், அது பேசும். அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, ஓனர் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இன்சூரன்ஸ் விட்டுப்போயிருந்தால் கம்பெனி ஆள் வந்து பார்த்த பிறகுதான் புதிது தருவார்கள். அதுவரை ரோட்டில் இறக்காதீர்கள்.

புதுச்சேரி நம்பர் கார் ஒன்று சந்தை விலையைவிடப் பல லட்சம் குறைவாக வருகிறது. எடுக்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் கட்டாத வரிதான். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனாலும் பெரிய தொகை. வேறு மாநில நம்பரில் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க மோட்டார் வாகனச் சட்டம் இடம் தரவில்லை. அங்கிருந்து 28-ஆம் படிவத்தில் என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். காரைக்குடி ஆர்டிஓ அலுவலகத்தில் வரி எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொண்ட பிறகு விலை பேசுங்கள். ஆர்சியில் உள்ள புதுச்சேரி முகவரியில் ஓனர் உண்மையிலேயே குடியிருந்தாரா என்பதையும் விசாரியுங்கள். பொய் முகவரிப் பதிவு என்றால் பிறகு அலைவது நீங்கள்தான். கடன் பாக்கி இருந்திருந்தால் 35-ஆம் படிவமும் வங்கிக் கடிதமும் இல்லாமல் முன்பணம் தர வேண்டாம்.

சிங்கப்பூரில் அண்ணனுடைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பத்து வருஷம் முடிகிறது. அங்கே அதை ஒப்படைக்க வேண்டுமாம். ஊருக்குக் கொண்டுவந்துவிடலாமா?
– வாசகர், கோத்தமங்கலம்

முடியாது. இந்தியாவுக்குள் பழைய கார் கொண்டுவர, அது தயாரித்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும். பத்து வருடக் காருக்கு வழியே இல்லை. மூன்று வருடத்துக்குள் இருந்தாலும் சுங்க வரியும் மற்ற வரிகளும் சேர்ந்து காரின் விலையைத் தாண்டிவிடும். “கார்னே முறையில் கொண்டுவரலாம்” என்று யாராவது சொன்னால், அது குறிப்பிட்ட காலத்துக்குள் காரைத் திரும்ப நாட்டைவிட்டு எடுத்துப்போக வேண்டிய ஏற்பாடு. கார்னேயில் வந்த காரை இங்கே விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. சுங்கத்துறை பறிமுதல் செய்தால் பணம் திரும்ப வராது. தனியாளாக இறக்குமதி செய்த எந்தக் காரை வாங்கினாலும் சுங்கத்தின் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியைப் பார்த்து, அதிலுள்ள 17 எழுத்து சேஸிஸ் எண்ணையும் காரில் பொறித்ததையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

2008 போர்ஷே 911 கரேரா எஸ், மேனுவல் கியர், 32,000 கிலோமீட்டர், மூன்றாவது ஓனர். கிலோமீட்டர் குறைவு என்பதால் தைரியமாக எடுக்கலாமா?
– வாசகர், புதுவயல்

குறைந்த கிலோமீட்டர் இந்தக் காரில் தைரியம் தரக் கூடாது. இந்த 3.8 லிட்டர் இன்ஜினில் சிலிண்டர் சுவர் கீறல் விழுவது தெரிந்த நோய். பிஸ்டனின் மேற்பூச்சு தேய்ந்து, அது அலுமினியச் சுவரில் உரசிக் கீறிவிடும். எண்ணெய் ஏறாத குளிர் இன்ஜினை முறுக்குவதும், சின்னச் சின்னத் தூரம் ஓட்டி நிறுத்துவதும் இதை வளர்க்கும். அடையாளம்: ஐடிலில் மெல்லிய டக்டக், ஆயில் வேகமாகக் குறைவது, இரண்டு பக்க எக்ஸாஸ்ட் குழாய்களில் ஒன்றில் மட்டும் கரி அப்பியிருப்பது. விரலை இரண்டுக்குள்ளும் விட்டுத் தேய்த்து ஒப்பிடுங்கள். சந்தேகமோ இல்லையோ, போர்ஸ்கோப் கேமராவை உள்ளே விட்டு ஆறு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாவது சிலிண்டரை இரண்டு முறை பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது வெட்டி, மடிப்புகளை விரித்து வெயிலில் காட்டுங்கள். மினுக்கும் தூள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, பேரிங் பக்கம் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம். இந்த வருட மாடலில் ஐஎம்எஸ் பேரிங் பெரியது, உடைவது அரிது. ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் மாற்ற முடியாது.

அடுத்து, இன்ஜின் கம்ப்யூட்டரில் ‘ஓவர் ரெவ்’ அறிக்கை, அதாவது இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றிய பதிவை எடுங்கள். போர்ஷே ஸ்கேனர் உள்ள இடத்தில் எடுத்துத் தருவார்கள். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ரெவ் லிமிட்டர் தடுத்துவிடும். ஆனால் மேனுவல் காரில் ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்குப் போக நினைத்து இரண்டாவதில் போட்டுவிட்டால், சக்கரம் இன்ஜினைச் சுற்றும், லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. அறிக்கையின் உயர்ந்த நிலைகளில் பதிவு இருந்தால் இப்படித்தான் நடந்திருக்கிறது. இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது அது நடந்தது என்றும் அதில் இருக்கும். 150-ஆவது மணி நேரத்தில் நடந்து, கார் அதன் பிறகு பல நூறு மணி நேரம் ஓடியிருந்தால் தப்பித்திருக்கலாம். கடைசி 20 மணி நேரத்துக்குள் என்றால் எடுக்காதீர்கள்.

அதே அறிக்கையில் இன்ஜின் மொத்தம் ஓடிய மணியும் கிடைக்கும். கிலோமீட்டரை அதால் வகுத்துப் பாருங்கள். 32,000-ஐ 800 மணியால் வகுத்தால் சராசரி 40 கிலோமீட்டர், நம்பக்கூடியது. 2,000 மணி என்று வந்தால் சராசரி 16. நாள் முழுக்க நெரிசலில் ஊர்ந்திருக்க வேண்டும், அல்லது மீட்டரைத் திருப்பியிருக்க வேண்டும்.

இன்னொன்று. 2008-இல் பதிவான காரின் ஆர்சி 15 வருடத்தோடு முடிந்திருக்கும். புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னை வண்டி என்றாலே பயமாக இருக்கிறது.
– வாசகி, ராயவரம்

பயம் நியாயம்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நிறையக் கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதும், சுருள் தீரும்வரை வெளியே இழுங்கள். கழுவுகிறவர்கள் கை போகாத இடம் அது. கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, டாஷ்போர்டுக்கு அடியில் கனெக்டர் ஊசிகளில் பச்சை, இவற்றையும் பாருங்கள். இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றை எழுத்தில் கேளுங்கள்.

கானாடுகாத்தான் தெருவில் வேகத்தடைகள் அதிகம். வீட்டு வாசலும் ரோட்டைவிட ஓர் அடி உயரம். தாழ்வான கார் தாங்குமா?
– வாசகர், கானாடுகாத்தான்

விதிப்படி போட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அதில் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்கள் மெதுவாக ஏறி இறங்கிவிடும். ஊர்த் தெருக்களில் குறுகலாகக் கொட்டிய தார் மேடுகள்தான் அடியைத் தட்டும். குறுக்காக, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி ஓட்டுவது உதவும். வாசலுக்குச் சரிவு கட்டும்போது ஓர் அடி உயரத்துக்குப் பத்து அடி நீளம் கொடுங்கள். மேலே சமதளத்தில் சேரும் முனையையும் கூர்மையாக விடாமல் வளைத்துப் பூசச் சொல்லுங்கள், முன்மூக்கு தப்பித்தாலும் நடுவயிறு அந்த முனையில்தான் தட்டும். கொட்டகைக்குக் கதவும் போடுங்கள். மயில் பளபளப்பில் தன் உருவத்தைப் பார்த்து எதிரி என்று கொத்தும், பெயின்ட் தாங்காது.

வாங்கப்போகும் கார் ஏற்கெனவே தட்டிய காரா என்பதையும் பாருங்கள். முன் உதட்டின் அடிப்பக்கத்தில் கீறல் இருப்பது சாதாரணம். அடித்தட்டுக்கு மேலே உள்ள ரேடியேட்டர் தாங்கியோ ஆயில் சம்ப்போ நசுங்கியிருந்தால் அது வேறு. முன்மூக்கைத் தூக்கும் வசதி உள்ள கார் என்றால் பட்டனை அழுத்தித் தூக்கச் சொல்லி, தரையிலிருந்து உதடு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்யும் எஸ்டிமேட் கைக்கு வரும்வரை விலையை முடிக்க வேண்டாம்.